தூண்டில் போடப் போகும்போது நாயும் கூட வந்தால்

தூண்டில் போடுகிறவனுக்குப் பேச்சுத் துணை சரிப்படாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தேர்தல் கதை பேசினால் தக்கை முங்குவதைக் கோட்டை விடுவோம். அதற்காக விடிகாலை ஐந்தரை மணிக்கு ஆளரவமில்லாத கண்மாய்க் கரையில் ஒண்டியாக உட்கார்ந்திருப்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது. பேசாமல் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும் என்றால் நாய்தான்.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு நாட்டு நாய். பதினைந்து கிலோ இருக்கும். ஏழு வருடமாக மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களுக்கு என்னோடு வருகிறது. இப்போதெல்லாம் தக்கை லேசாக ஆடினாலே அதன் காது நிமிர்ந்துவிடும். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தக் காதை வைத்தே தெரிந்துகொள்வேன். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? முதல் வருடம் அப்படி இல்லை. புழு டப்பாவைக் கவிழ்த்தது, வாத்துக் கூட்டத்துக்குள் பாய்ந்தது, ஒருநாள் தூண்டில் முள்ளையே விழுங்கியது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

நான் செய்த தப்பு ஒன்றுதான். மீன் பிடிக்கப் போன நாளில் நாயையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாலைந்து தடவை நாய்க்காகத்தான் போக வேண்டும். மீன் அப்புறம். புதிதாக நாயைக் கூட்டிப்போகிறவர்களுக்கு, எதை எந்த வரிசையில் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் நாயைப் பாருங்கள்

எந்த இனம் என்பதைவிட, சும்மா படுத்திருக்கத் தெரிந்த நாயா என்பதுதான் கேள்வி. வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் கட்டிப்போட்டால் குரைத்துத் தீர்க்கும் நாய், கரையிலும் அதைத்தான் செய்யும்.

ஆனாலும் இனத்துக்கு இனம் ஒரு பழக்கம் இருக்கிறது. லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வேலை பார்த்தவை. வலைக் கயிற்றை இழுத்து வருவதும், முள்ளிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வருவதும் அவற்றின் வேலை. ஆகவே லாப்ரடார் தண்ணீரைக் கண்டதும் தொப்பென்று குதித்தால் திட்டாதீர்கள், அது ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு உங்களுக்கு மீன் இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை இனங்கள். தூரத்தில் ஒரு முயல் ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அவற்றின் காதில் ஏறாது. அதோடு இப்போது முயல் வேட்டை சட்டப்படி குற்றம். இந்த இரண்டையும் கரையில் அவிழ்த்துவிடவே கூடாது. ராஜபாளையம் இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. வெள்ளை நாயாக இருந்தால் பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் கூப்பிட்டுப் பலனில்லை, கைச் சைகைதான் பழக்க வேண்டும். அதன் இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் புண்ணாகவும் செய்யும்.

பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களை நம் ஊர் வெயிலில் கூட்டிப்போக வேண்டாம். அவற்றுக்கு மூச்சு வாங்குவதே பாடு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

என்னைக் கேட்டால் நாட்டு நாய்தான் இதற்கு ஏற்றது. வெயிலும் முள்ளும் பழகியது. தண்ணீருக்குள் தேவையில்லாமல் இறங்காது. பகல் முழுக்க நிழலில் சுருண்டு கிடப்பது அதற்குக் கைவந்த கலை.

ஊசி போட்ட பிறகுதான் கரை

நாலு மாதம் ஆகாத குட்டியைக் கண்மாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குகிற கூட்டுத் தடுப்பூசியும், மூன்றாவது மாதம் போடுகிற வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முடிந்து இரண்டு வாரமாவது போகட்டும். வருடா வருடம் மறுபடி போடுவது தனி.

மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்த ஊசியில் எலிக்காய்ச்சலும் சேர்த்தியா?" வீட்டோடு இருக்கும் நாய்க்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கண்மாய்க்கு வரும் நாய்க்கு அப்படி விட முடியாது. எலி மூத்திரம் கலந்து தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் இருந்துதான் அந்த நோய் வருகிறது. நாய்க்கு வந்தால் உங்களுக்கும் வரலாம். காலில் சேற்றுப்புண்ணோடு தண்ணீரில் இறங்கி நிற்கிறவர்கள் தங்களுக்கும் சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம் இது.

உண்ணி மருந்தும் அப்படித்தான். கரைப் புல்லில் ஆடு மாடு மேய்கிற இடத்தில் உண்ணி இல்லாமல் இருக்காது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் ரத்தம் சுண்டிப்போய்ப் படுத்துவிடும். மாதாமாதம் மருந்து கொடுத்துவிடுவது லாபம்.

வீட்டிலேயே மூன்று சொல்

"வா", "இரு", "விடு". இந்த மூன்றும் வீட்டில் நிற்காமல் கரையில் நிற்காது. இதில் "விடு" என்பதுதான் உயிர் காக்கிற சொல். கரை முழுக்க நாய் வாயில் வைக்கக்கூடாத சாமான்தான் கிடக்கும்.

பழக்குவது லேசு. ஒரு கைக்குள் நெத்திலிக் கருவாட்டை மூடி வைத்துக்கொண்டு நாயின் மூக்கருகே நீட்டுங்கள். நக்கும், கடிக்கப் பார்க்கும், காலால் பிறாண்டும். வாய் திறக்காமல் இருங்கள். சலித்துப்போய் மூக்கைப் பின்னால் இழுக்கும் அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, மறு கையிலிருந்து அவித்த கோழித் துண்டைக் கொடுங்கள். கருவாட்டைக் கொடுத்துவிடக் கூடாது. அது ஒரே உப்பு, அதோடு விட்ட பொருளே திரும்பக் கிடைக்கும் என்று நாய் கணக்குப் போட்டுவிடும். ஒரு வாரத்தில் திறந்த கையில் கருவாடு இருந்தாலும் பேசாமல் உங்கள் முகத்தைப் பார்க்கும். ஏன் கருவாடு என்றால், பிஸ்கட்டில் பழகிய நாய் மீன் வாசம் வந்ததும் படித்ததை எல்லாம் மறந்துவிடும்.

அடுத்தது தூண்டில் வீச்சு. மொட்டை மாடியில் நாயை ஓரமாகக் கட்டிவிட்டு, முள் இல்லாமல் நரம்பு (தூண்டிலின் நைலான் இழை) நுனியில் ஒரு துணித் துண்டை முடிந்து வீசிப் பழகுங்கள். ராடு காற்றில் போடும் அந்த விஷ் சத்தம் சில நாய்களைப் பயமுறுத்தும், சிலவற்றுக்குக் குஷி கிளப்பும். பத்துத் தடவை வீசியும் படுத்த இடத்திலிருந்து எழவில்லை என்றால் பாஸ்.

இடம் தேடுவது

கண்மாய் ஊர்ப் பொதுச் சொத்து போலத் தெரிந்தாலும் அதன் மீன் பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும். மீன்பாசி ஏலம் எடுத்தவரிடமோ அவர் போட்டிருக்கும் காவல்காரரிடமோ கேட்டுவிட்டுத்தான் தூண்டிலைப் பிரிக்க வேண்டும். நாய் வருகிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நான் முதலில் போன கண்மாயில் காவல்காரர் என்னைப் பார்க்கவில்லை, செவலையைத்தான் பார்த்தார்.

"தம்பி, இது வாத்தத் துரத்துமா?"

"துரத்தாதுண்ணே."

அரை மணி நேரத்தில் துரத்தியது. வாத்து மேய்ப்பவர்கள் அறுப்பு முடிந்த வயலிலும் கண்மாயிலும் நூற்றுக்கணக்கில் ஓட்டி வருவார்கள். ஒன்று செத்தாலும் காசு கொடுக்க வேண்டும், கொடுப்பதுதான் நியாயமும். ஆட்டுக் கிடை போட்டிருக்கும் இடத்தையும் சுற்றிப் போய்விடுங்கள். கிடைக்குக் காவலாக வரும் நாய்கள் உங்கள் நாயை விருந்தாளியாக நினைக்காது. மயிலைத் துரத்தினால் விவகாரம் இன்னும் பெரிது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை அது. தென் மாவட்டங்களில் மயில் இல்லாத கரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகையால் கயிறு கையில் இருக்கட்டும்.

சரணாலயக் குளங்கள் கணக்கிலேயே இல்லை. வேடந்தாங்கலோ, கூந்தன்குளமோ, எங்கள் பக்கத்து வேட்டங்குடியோ, தூண்டிலும் கூடாது, நாயும் கூடாது. வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை மிரளும் என்று தீபாவளிக்கே வெடி போடாமல் இருக்கிறார்கள். அங்கே நாயோடு போய் நிற்க உங்களுக்கே மனசு வராது.

இனி தண்ணீரைப் பாருங்கள். உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி அணையிலும், சிதம்பரம் பக்கம் கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும், பவானிசாகர், சாத்தனூர் அணைகளிலும் முதலை உண்டு. தண்ணீர் விளிம்பில் நக்கிக் குடிக்கும் நாய் முதலைக்கு லட்டு மாதிரி. அந்த இடங்களுக்கு நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

கண்மாயில் முதலை இல்லை. ஆனால் மடை இருக்கிறது. மடை திறந்திருக்கும்போது அதன் வாய்ப் பக்கம் தண்ணீர் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுத்துக்கொண்டிருக்கும். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது, மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கில் மீன் நன்றாக விழும் என்பது உண்மைதான். நாயோடு போகிற நாளில் அந்த ஆசையும் வேண்டாம். ஆற்றில் அணைத் தண்ணீர் திறக்கப்போவதாகச் செய்தி வந்திருந்தால் ஆற்று மணல் திட்டில் போய் உட்காராதீர்கள்.

புதியவர்களுக்குத் தெரியாத ஆபத்து ஆகாயத்தாமரை. பச்சையாக, பூவோடு, தரை மாதிரியே இருக்கும். நாய் அதைத் தரை என்றே நினைத்துக் கால் வைக்கும், உள்ளே போனதும் வேர்க் கொத்துகள் காலைச் சுற்றிக்கொள்ளும். நீந்தத் தெரிந்த நாயும் அதில் திணறும். ஆகாயத்தாமரை மூடிய பக்கம் விரால் இருக்கும் என்று நமக்கு நாக்கு ஊறும். நாய்க்கு மேடான, புல் குறைந்த, தண்ணீர் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிற கரைதான் வேண்டும். தண்ணீர் மேல் பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போலப் பாசி படர்ந்து வாடை அடித்தால், வண்டியைத் திருப்பிவிடுங்கள். அந்தப் பாசியில் சில வகை விஷம். நாய் அதைக் குடிக்கக்கூட வேண்டாம், நனைந்த உடம்பை நக்கினாலே போதும்.

பையில் என்ன

நாய்க்கென்று இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். செவலை அளவு நாய்க்கு அது ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளம். கண்மாய்த் தண்ணீரையே குடிக்கட்டும் என்று விடாதீர்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு போடும் பட்டை. நாய் தண்ணீரில் விழுந்தால் கழுத்தைப் பிடித்துத் தூக்க முடியாது, மார்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கலாம். நீந்தத் தெரியாத நாய்க்கு மிதவைச் சட்டை. அகலமான நாடாக் கயிறு ஒன்று. பழைய துண்டு. முள் பிடுங்குகிற சின்ன இடுக்கி. இடுக்கி எதற்கென்றால் சீமைக்கருவேல முள்ளுக்கு. அந்த மரம் இல்லாத கரை எங்கள் பக்கம் கிடையாது. காய்ந்த முள் நாயின் பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்தால், வெளியில் ஒரு கரும்புள்ளி மட்டும் தெரியும். ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஏறிய வழியாகவே வெளியே இழுக்க வேண்டும்.

கம்பி வெட்டுகிற குறடு ஒன்றும் அவசியம். ஏன் என்பது தூண்டில் முள்ளைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

பக்கத்தில் எந்த ஊரில் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, எத்தனை மணி வரை என்று முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம்.

முதல் இரண்டு நாள்: தூண்டில் இல்லாமல்

நம்மால் செய்ய முடியாத காரியம் இதுதான். தண்ணீர் தளதளவென்று கிடக்கும், மீன் துள்ளும், கையில் ராடு இருக்காது. ஆனாலும் முதல் இரண்டு தடவை வெறுங்கையோடு போங்கள்.

இறங்கியதும் நாயைக் கயிற்றில் பிடித்தபடி கரையோரமாகக் கால் மணி நேரம் நடங்கள். எல்லாவற்றையும் மோந்து பார்க்கட்டும். மோந்து முடிக்காத நாய் உட்காராது. நடக்கும்போது கையில் ஒரு கம்பை வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். காலை நேரத்தில் கரைப் பொந்துகளில் கண்ணாடி விரியன் இருக்கும், நாய் மூக்கைத்தான் முதலில் விடும். ஒருவேளை கடித்துவிட்டால் நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவது ஒன்றே வழி. கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். மனிதர்களுக்குப் போடும் விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும்.

அப்புறம் நிழல் பார்த்துத் துண்டை விரித்து உட்காருங்கள். ஒன்றும் செய்யாதீர்கள். நாய் எழும், சுற்றும், முனகும், உங்களை இடிக்கும். கொஞ்சிவிடாதீர்கள், அதட்டவும் வேண்டாம். எப்போதாவது ஒரு தடவை பெருமூச்சு விட்டுத் தாடையை முன்னங்கால் மேல் வைக்கும். அப்போது ஒரு துண்டுக் கோழி. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. கரை என்றால் படுத்திருக்கிற இடம் என்று அதன் மண்டையில் ஏறுவது இப்படித்தான். செவலைக்கு நான் இதைச் செய்யாமல் விட்டதால் ஒரு வருடம் போனது. அடுத்து என் தம்பி வீட்டு நாய்க்கு மூன்றே தடவையில் பிடிபட்டது.

கரையில் அய்யனார் கோவிலோ கருப்பசாமியோ இருந்தால் அந்தப் பக்கம் நாயைக் கட்டாதீர்கள். கருப்பசாமி பக்கத்தில் நாய்ச் சிலையே நிற்கும், அவருக்கு ஒன்றும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு இருக்கலாம்.

தூண்டில் நாள்

மூன்றாவது தடவை தூண்டிலை எடுங்கள், ஒன்றே ஒன்று. இரண்டு ராடு, மூன்று ராடு என்று ஊன்றி வைத்துவிட்டு நாயையும் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது.

நாயை எங்கே கட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முள் முன்னால் போவதற்கு முன் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. நாய்க்குப் பிடித்த இடமோ நம் முதுகுப் பக்கம். ராடு ஏழு அடி என்றால் நாய் குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, வீசுகிற கைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். வலது கையால் வீசுகிறவருக்கு நாய் இடது புறம். மரத் தூரில் கட்டுங்கள். நாற்காலிக் காலிலும் பையிலும் கட்டினால் ஒரு கொக்கு பறந்ததும் நாயோடு நாற்காலியும் போகும். கயிறு தண்ணீரை எட்டாத நீளமாக இருக்கட்டும். கட்டிய கயிற்றோடு தண்ணீரில் விழுந்து வேரில் சுற்றிக்கொண்டால் நீந்த வழியில்லை.

ஒவ்வொரு தடவை வீசும் முன்பும் தலையைத் திருப்பி நாய் எங்கே என்று ஒரு பார்வை. எனக்கு இப்போது இது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. நாய் வராத நாளிலும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒரு மணி நேரம் போதும். மீன் கடிக்க ஆரம்பித்த நேரமாக இருந்தாலும் எழுந்துவிடுங்கள். நாய் சலித்துப்போவதற்கு முன் கிளம்பினால்தான் அடுத்த தடவை சந்தோஷமாக வரும்.

முள்

மண்புழுவை நாய் பெரிதாகச் சட்டை செய்யாது. கோதுமை மாவு உருண்டை, கருவாட்டுத் தூள் பிசைந்த மைதா, கோழிக் குடல்: இவை நாய்க்குத் தின்பண்டம். நீங்கள் முள்ளில் கோத்து வைத்திருப்பது அதற்குத் தெரியாது.

செவலை விழுங்கியது கெளுத்திக்காக வைத்திருந்த கோழிக் குடல். முள்ளில் கோத்துவிட்டு, பிசுக்காக இருக்கிறதே என்று கை கழுவத் திரும்பினேன். பத்து நொடி இருக்காது. திரும்பிப் பார்த்தால் நரம்பு செவலையின் வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. அது என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. வலி ஒன்றும் இல்லை போலிருக்கிறது. என் கை தன்னாலே நரம்புக்குப் போனது. அந்தப் பக்கம் விரால் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கத்தினார்: "இழுக்காத தம்பி! இழுத்தா கிழிஞ்சுரும்!"

நான் இழுத்திருந்தால் அது வரை சும்மா கிடந்த முள் தொண்டையிலோ குடலிலோ மாட்டியிருக்கும். பெரியவரே ராடு பக்கம் நரம்பை அறுத்து, ஒன்றரை அடி வெளியே விட்டு, நுனியைச் செவலையின் கழுத்துப் பட்டையில் முடிந்தார். ஒட்ட நறுக்கிவிட்டால் மிச்ச நரம்பையும் நாய் விழுங்கிவிடும். முள்ளைவிட நரம்பு மோசம், குடலைச் சுருக்குப் பை மாதிரி இழுத்துவிடும். அதோடு எங்கே மாட்டியிருக்கிறது என்று மருத்துவர் கண்டுபிடிக்கவும் அந்த நரம்பு உதவும். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, சோறு ஊட்டவும் கூடாது. நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய், எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். அந்த எக்ஸ்ரேயில் விலா எலும்புகளுக்கு நடுவே தூண்டில் முள் ஒரு கேள்விக்குறி மாதிரி பளிச்சென்று தெரிந்தது. அந்தப் படத்தை நான் தூக்கிப் போடவில்லை.

உதட்டிலோ காலிலோ மேலோட்டமாக ஏறினால் வேறு மாதிரி. முள் முனைக்குக் கொஞ்சம் கீழே மீன் நழுவாமல் இருக்கப் பின்னோக்கி ஒரு குட்டி முள் நிற்கும் இல்லையா, அது இருக்கும் வரை வந்த வழியே இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். முதலில் நரம்பை அறுத்து முள்ளை ராடிலிருந்து பிரித்துவிடுங்கள். ஒருவர் நாயை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் முள்ளை மேலும் தள்ளி முனையை வெளியே கொண்டுவந்து, அந்தக் குட்டி முள்ளைக் குறடால் வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பின்னால் உருவ வேண்டும். தனியாக இருந்தாலோ, நாய் துள்ளினாலோ, கண், நாக்கு, வாயின் உள்பக்கம் என்றாலோ கை வைக்காமல் மருத்துவரிடம் போங்கள். வலியில் இருக்கும் நாய் ஆள் பார்க்காமல் கடிக்கும், உங்கள் நாயும்தான்.

இத்தனையும் குறைய ஒரு சின்ன வேலை போதும். நாயோடு போகும் நாளில் அந்தக் குட்டி முள்ளைக் குறடால் அழுத்தி மட்டமாக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் நழுவும், நழுவட்டும். கோழிக் குடலை மூடியிட்ட டப்பாவில் வையுங்கள். இரை கோத்த முள் ஒரு நொடிகூடத் தரையில் கிடக்கக் கூடாது. அறுந்த நரம்பைத் தண்ணீர் பாட்டிலுக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அடுத்தவர் போட்டுவிட்டுப் போனதையும் பொறுக்கிவிடுவது நல்லது. உடைந்த குவார்ட்டர் பாட்டிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெயில்

நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கத்திரி வெயில் நாட்களில் கூட்டிப்போகவே வேண்டாம். மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழி, தை, மாசிதான் நல்ல காலம். அப்போதும் ஒன்பதரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். தரையில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

நாக்கு நீளமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிப்போய் வயிறு, தொடை இடுக்கு, அக்குள் எங்கும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் வேண்டாம். ஈரத் துண்டால் மூடவும் வேண்டாம், சூடு உள்ளேயே நிற்கும். கொஞ்சம் தணிந்ததும் மருத்துவரிடம் போய்விடுங்கள், எழுந்து நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

மீன் விழுந்த பிறகு

முதல் மீனை நாய் மோந்து பார்க்கட்டும், அது அதன் உரிமை. ஜிலேபியோ கெண்டையோ என்றால் பயமில்லை. கெளுத்தி, தேளி வந்தால் தள்ளியே வையுங்கள். அவற்றின் துடுப்பு முள் நாயின் மூக்கில் குத்தினால் அன்றைய நாள் அதோடு முடிந்தது. பிடித்த மீனைத் தரையில் போடாமல் மூடி போட்ட வாளியில் போடுங்கள்.

பச்சை மீனைத் தின்னக் கொடுக்காதீர்கள். வீட்டில் முள் எடுத்து, உப்புக் காரம் இல்லாமல் அவித்துக் கொடுக்கலாம். செவலைக்கு ஜிலேபித் தலை என்றால் உயிர், ஆனால் அதில் முள் எடுக்க எனக்குத்தான் பொறுமை இல்லை. உங்கள் கட்டுச்சோற்றிலிருந்து கொடுப்பதாக இருந்தால் தயிர் சாதம் மட்டும். வெங்காயமும் பூண்டும் விழுந்த எதுவும் நாய்க்கு ஆகாது, திராட்சையும் அப்படித்தான்.

கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒன்று. வலைக்காரர்கள் வேண்டாம் என்று மணலில் எறிந்துவிட்டுப் போன மீன்களில் பேத்தையும் கிடக்கும், ஊதிக்கொள்ளுமே அந்த மீன். அதை நாய் தின்றால் பிழைப்பது கஷ்டம். கடல் தண்ணீரை நக்கினால் வயிறு கழியும். நல்ல தண்ணீரை அடிக்கடி காட்டிக்கொண்டே இருங்கள்.

அழுகிய மீனைக் கண்டால் நாய் அதன் மேல் புரளும். ஏன் என்று கேட்காதீர்கள், புரளும். ஷாம்பூ போட்டு இரண்டு தடவை தேய்த்தாலும் மூன்று நாளைக்கு வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

கிளம்பும் முன்

துண்டால் துவட்டி, காதுக்குள் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். தொங்கு காது நாய்களுக்குச் சீழ் பிடிப்பது இங்கேதான். விரல் இடுக்கிலும் காது மடல் அடியிலும் அக்குளிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கடைசியாக முள் டப்பா. நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது பன்னிரண்டு முள் எண்ணி எடுத்து வைப்பேன். தண்ணீரில் அறுந்து போனது எத்தனை என்று அப்போதைக்கப்போது நினைவு வைத்துக்கொள்வேன். கரையிலிருந்து கிளம்பும்போது அதையும் கையில் மிச்சம் இருப்பதையும் கூட்டினால் பன்னிரண்டு வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்கூட்டர் ஸ்டாண்டிலேயே நிற்கும். செவலையின் வாயைத் திறந்து பார்ப்பேன், உட்கார்ந்த இடத்துப் புல்லை விரலால் அளைவேன். போன மாதம் ஒன்று குறைந்தது. இருபது நிமிடம் தேடினேன். என் லுங்கி மடிப்பில் இருந்தது.